ஆண் எலிக்கு நியூட்டர் செய்தாச்சு, இனி என்ன எதிர்பார்க்கலாம்?

நியூட்டர், அதாவது விதைகளை எடுக்கும் ஆபரேஷன், செய்து நாலு நாள் ஆகிறது, இன்னும் கூட்டாளியைத் துரத்திக்கொண்டுதான் இருக்கிறான், செலவு செய்ததெல்லாம் வீணா? டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் எலி வளர்க்கும் நம் ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். வீணில்லை. நாலு நாளில் எதுவும் தெரியாது, அவ்வளவுதான். விதைகளை எடுத்த ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் மாதக்கணக்கில் அந்த ஹார்மோனிலேயே ஊறிய மூளையும் தோலும் சுரப்பிகளும் ஒரு வாரத்தில் மாறிவிடாது. பெரும்பாலான எலிகளிடம் இரண்டாவது வாரத்துக்கு மேல்தான் லேசாக வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், ஆறு எட்டு வாரம் போன பிறகுதான் இனி இவன் குணம் இதுதான் என்று ஓரளவு தைரியமாகச் சொல்ல முடியும். அதுவரை தீர்ப்புச் சொல்லாதீர்கள், குறிப்பாக "இவன் திருந்த மாட்டான்" என்று முடிவு கட்டித் தனிக்கூண்டில் போட்டுவிடாதீர்கள்.

எல்லாக் கோபமும் ஹார்மோன் கோபம் இல்லை

ஆபரேஷனுக்கு முன்னாலேயே பார்க்க வேண்டியது இது, ஏனென்றால் நியூட்டர் செய்வதால் குறைவது ஹார்மோனால் வரும் கோபம் மட்டும்தான். பயத்தில் கடிப்பவனும், எங்கேயோ வலிக்கிறது என்று கடிப்பவனும், கம்பிக்கு நடுவே விரலை நீட்டினாலே தின்பண்டம் என்று நினைத்துக் கவ்வுகிறவனும் ஆபரேஷனுக்குப் பிறகும் அப்படியேதான் இருப்பார்கள்.

ஆண் எலி ஐந்தாறு வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும், அதனால்தான் குட்டிகளை ஐந்தாவது வாரத்தில் ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்துவிடச் சொல்கிறார்கள். குணத்தில் முறுக்கு ஏறுவது அதற்கும் பல மாதம் கழித்து, ஏறத்தாழ ஐந்து மாதத்திலிருந்து ஒன்பது பத்து மாதத்துக்குள். எல்லா ஆணுக்கும் ஏறாது. ஆண் எலிகளில் பாதிக்கு மேல் சாதுவாக ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டு வாழ்நாளைக் கழிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், அப்படிப்பட்டவர்களுக்குச் சும்மா ஒரு ஆபரேஷன் தேவையே இல்லை என்பது என் கருத்து, பெண் எலிகளோடு சேர்த்து வளர்க்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அது வேறு கதை.

ஹார்மோன் ஏறியவனைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உடம்பு முடி முழுக்கச் சிலிர்த்து எலி இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். முதுகை வில்லாக வளைத்து, நேராக வராமல் பக்கவாட்டில் நகர்ந்து வருவான், இடுப்பாலும் பின்னங்காலாலும் எதிராளியைச் சுவரோடு சேர்த்து நெட்டித் தள்ளுவான், புஸ் புஸ் என்று மூச்சு விடுவான், பல் நறநறக்கும். வால் தரையில் நெளிந்து ஆடும். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். அந்த நிலையில் உங்கள் கையை உள்ளே விட்டால் முதலில் மோந்து பார்ப்பான், நக்கக்கூடச் செய்யலாம், அடுத்த நொடி எலும்புவரை இறங்குகிற மாதிரி கடிப்பான். கூட்டாளியின் முதுகிலும் பின்புறத்திலும் ரத்தம் கட்டிய கீறல்கள் இருக்கும்.

பயந்த எலி வேறு மாதிரி. அதற்கு முடி படிந்தே இருக்கும், காது பின்னால் போகும், மூலையைத் தேடும், கத்தும், தப்பிக்க வழியில்லாதபோது மட்டும் கடிக்கும். பாம்புக்குத் தீனியாகப் பெட்டி பெட்டியாக விற்கும் கடைகளிலிருந்து வாங்கி வந்த எலிகளிடம் இதை ரொம்பப் பார்க்கலாம், குட்டியிலிருந்து மனிதக் கையே படாமல் வளர்ந்தவை அவை. அதற்கு மருந்து பொறுமைதான், கத்தி இல்லை. இரண்டும் கலந்த எலிகளும் உண்டு, அங்கே நியூட்டர் பாதி வேலையைச் செய்யும், மீதி உங்கள் கையில்.

கடி வாங்கிவிட்டீர்கள் என்றால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், ஆழமான கடி என்றால் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டு வலி, தோலில் தடிப்பு என்று ஏதாவது வந்தால் எலி கடித்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எலிக்கடிக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது, சரியான ஆன்டிபயாடிக்குக்குக் கேட்கும், ஆனால் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்.

எலி பார்க்கும் டாக்டர்

தென்னாப்பிரிக்காவில் நாய் பூனைக்கு டாக்டர் கிடைப்பது எளிது, எலிக்கு அப்படி இல்லை. கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த எந்த டாக்டரும் சட்டப்படி செய்யலாம், ஆனால் அடிக்கடி செய்கிறவரைத் தேடுங்கள். பறவைகள், முயல், எலி போன்ற சிறு பிராணிகளை மட்டுமே பார்க்கும் கிளினிக்குகள் ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் இருக்கின்றன, நாட்டின் ஒரே கால்நடை மருத்துவக் கல்லூரியும் பிரிட்டோரியா பக்கத்தில் ஓன்டர்ஸ்டெபோர்ட்டில்தான் இருக்கிறது. டர்பன் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் போன் போட்டுத் தேட வேண்டியிருக்கும். போனில் கூச்சப்படாமல் கேளுங்கள்: மாதத்துக்கு எத்தனை எலிக்குச் செய்கிறீர்கள், என்ன மயக்க மருந்து, வலிக்கு என்ன கொடுத்து அனுப்புவீர்கள், எல்லாம் சேர்த்து எவ்வளவு.

மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன் வாயு என்று சொன்னால் நிம்மதி. இன்னொன்றையும் கேளுங்கள், இதுதான் என் கணக்கில் முக்கியமான கேள்வி: வயிற்றிலிருந்து விதைப்பைக்கு இறங்கும் வழியான கவட்டுக் குழாயை மூடுவீர்களா? நாய் பூனையில் விதை கீழே இறங்கிய பிறகு அந்த வழி குறுகிவிடும். எலிக்கு அது கடைசிவரை திறந்தே இருக்கும், குளிரிலும் பயத்திலும் அவன் விதைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதைக்கூட நீங்கள் பார்த்திருப்பீர்கள், திடீரென்று பை காலியாகத் தெரியும். ஆபரேஷனில் அந்த வழியைத் தைத்து மூடவில்லை என்றால் குடல் அதன் வழியாக இறங்கிவிடலாம். எலி பழக்கமுள்ள டாக்டர் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்வார். சிலர் விதைப்பையில் கீறாமல் அடிவயிற்றில் கீறி எடுக்கிறார்கள், பை தரையில் உரசிக்கொண்டே இருப்பதால் அங்கே சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது காரணம். இரண்டுமே சரியான முறைதான், டாக்டருக்கு எது கைவந்ததோ அது நல்லது.

முந்தின ராத்திரி பட்டினி போடச் சொன்னால் மறுபடி ஒருமுறை கேளுங்கள். எலிக்கு வாந்தி எடுக்கவே வராது, அதனால் நாய்க்குப் போடுவது போன்ற பட்டினி தேவையில்லை, சின்ன உடம்பு, ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். தும்மல், மூச்சில் கரகரப்பு, மூக்கிலும் கண்ணிலும் சிவப்புக் கறை அதிகமாக இருக்கிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மயக்கம் கொடுக்க வேண்டும். வயது மூன்று மாதத்துக்கு மேல் ஒன்றரை வயதுக்குள் என்றால் நல்லது. மொத்த ஆயுளே இரண்டு மூன்று வருடம்தான், கிழவனுக்கு இந்த ஆபரேஷனை நான் சொல்ல மாட்டேன்.

தேதி குறிக்கும்போது தீபாவளியைப் பாருங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அந்த வாரம் வெடிச் சத்தம் ராத்திரி வரை ஓயாது, வலியோடு இருக்கும் எலிக்கு அது வேண்டாம். டர்பனில் ஜனவரி பிப்ரவரிப் புழுக்கமும் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம், எலிக்கு வியர்க்காது, வால் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும், முப்பது டிகிரிக்கு மேல் போனால் நல்ல எலியே துவண்டுவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கு எலிக்கு வேண்டியது சூடு. மயக்கம் தெளியும்போது உடம்பு சில்லென்று ஆகிவிடும், ஜோஹன்னஸ்பர்க்கில் ஜூன் ஜூலை ராத்திரி என்றால் சொல்லவே வேண்டாம். கூண்டின் ஒரு பாதிக்கு அடியில் மட்டும் சூட்டுப் பாய் வையுங்கள், அதிகமானால் அவன் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைக் கெட்டித் துணியில் சுற்றி வைத்தால் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும்.

மாடிகள் உள்ள பெரிய கூண்டு வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளைக்கு ஒற்றைத் தளம், ஏறுவதற்கு எதுவும் இல்லாமல். மரத்தூள், டெஃப் புல் வைக்கோல், பூனை மணல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஃபிளீஸ் துணியோ வெள்ளைக் காகிதத் துண்டுகளோ போடுங்கள், காயத்தில் ஒட்டக் கூடாது, ரத்தமோ சீழோ இருந்தால் உடனே கண்ணில் பட வேண்டும். தினமும் மாற்றுங்கள். கூண்டைத் துடைக்க எஃப்10 என்ற கிருமிநாசினி கிடைத்தால் அதுவே போதும், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குக் கலக்கி, நன்றாகக் காயவிட்டு அப்புறம் எலியை விடுங்கள்.

சாப்பாடு அன்று மாலைக்குள் தொட வேண்டும். வழக்கமான உருண்டையை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் ப்ரோநூட்ரோ தானியக் கஞ்சி மாவைத் தண்ணீரில் குழைத்து, கொஞ்சம் வேகவைத்த முட்டை. மருந்தை பியூரிட்டி குழந்தை உணவில் ஒரு சொட்டுப் போட்டு ஸ்பூனில் நீட்டினால் பெரும்பாலும் நக்கிவிடும், மறுத்தால் ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வலி மருந்து பெரும்பாலும் மெலாக்சிகாம், அளவு எலியின் எடைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான், வீட்டில் இருக்கும் பனாடோ (பாராசிட்டமால்) மாத்திரையை உடைத்துக் கொடுப்பது, நாய்க்கு வாங்கிய மருந்தைக் கணக்குப் போட்டுக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். மறுநாள் காலைவரை எதையுமே தொடவில்லை என்றால் போன் போடுங்கள்.

எலி வலியை மறைக்கும். முகத்தைப் பாருங்கள். ஆய்வுக்கூடங்களில் எலியின் முகத்தை வைத்தே வலியை மதிப்பிடும் முறை 2011 முதல் இருக்கிறது, நீங்களும் செய்யலாம்: கண் பாதி மூடிச் சுருங்கியிருக்கும், மூக்குப் பக்கம் உப்பல் போய்த் தட்டையாகத் தெரியும், காது மடங்கி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், மீசை விறைத்திருக்கும். அதோடு முதுகைக் கூனிக்கொண்டு உட்காருவது, வயிற்றைத் தரையோடு அழுத்துவது, விலாப்பக்கம் வெடுக்கென்று இழுப்பது. இதில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம், டாக்டரிடம் கேட்டுக் கூட்டலாம்.

காயத்தைக் காலையும் மாலையும் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பை கொஞ்சம் வீங்கியிருக்கும், லேசான சிவப்பு, துளி ரத்தம், இதெல்லாம் சாதாரணம். சிலர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு "விதையையே எடுக்கவில்லை போலிருக்கிறதே" என்று பதறுகிறார்கள், அது திரவம், வற்றிவிடும். பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு, அஞ்சாவது நாளிலிருந்து பத்தாவது நாள் வரை. வற்ற ஆரம்பித்த வீக்கம் மறுபடி ஏறினால், கெட்டியான உருண்டையாகக் கைக்குத் தட்டுப்பட்டால், சூடாக இருந்தால், நாற்றம் வந்தால் அது சீழ்க்கட்டி. எலி நியூட்டரில் அடிக்கடி வரும் தொல்லை இதுதான். பயப்பட வேண்டாம், டாக்டர் திறந்து சுத்தம் செய்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் நன்றாக ஆறிவிடும், ஆனால் நீங்களே பிதுக்காதீர்கள். மெத்தென்று, அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வருகிற வீக்கம் என்றால் அது குடலிறக்கமாக இருக்கலாம், அதற்கு நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது, அன்றே போக வேண்டும்.

தையலைக் கடிப்பான். நாய்க்குப் போடும் கூம்புக் கழுத்துப் பட்டை எலிக்குச் சரிவராது, ரெண்டு நிமிஷத்தில் உருவிவிடுவான், இல்லாவிட்டால் அதோடு போராடிக் களைத்துப்போவான். வலி குறைந்தால் கடிப்பதும் குறையும், அதனால் மருந்து வேளை தவறாமல் கொடுப்பதுதான் நல்ல வழி. தோலுக்கு அடியில் தைத்து மேலே பசை போடச் சொல்லி முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

கூட்டாளியோடு எப்போது விடுவது? சாதுவான கூட்டாளி என்றால் மயக்கம் முழுக்கத் தெளிந்து, மறுநாள் காயம் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு சேர்த்து விடலாம், தனிமை எலியை வாட்டும், துணையோடு இருந்தால் சாப்பாடும் சீக்கிரம் இறங்கும். சண்டைக்காகத்தான் ஆபரேஷன் என்றால் அவசரப்படாதீர்கள், இரண்டு கூண்டையும் வாசனை எட்டி, மூக்கும் வாலும் எட்டாத தூரத்தில் வைத்து, நாளொரு தடவை படுக்கைத் துணியை மாற்றிப் போட்டு, வாசனை மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் என்ன மாறும்

எனக்கு இதில் மிகவும் பிடித்த மாற்றம் முடி. வளர்ந்த ஆண் எலியின் முதுகு முடியை விரலால் பிரித்துப் பாருங்கள், அடியில் தோலில் மஞ்சளும் ஆரஞ்சுமாக எண்ணெய்ப் பிசுக்கு செதில் செதிலாக ஒட்டியிருக்கும். அழுக்கு என்று நினைத்துக் குளிப்பாட்டுகிறவர்கள் உண்டு, ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும், ஏனென்றால் டெஸ்டோஸ்டிரோன் தூண்டுவதால் எண்ணெய்ச் சுரப்பிகள் சுரப்பது அது. சாட்ஸ்வர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தன் வெள்ளை எலியை பழைய டூத் பிரஷ்ஷால் வாரி, வெள்ளைத் துணியில் தட்டிக் காட்டினார், மஞ்சள்தூள் சிந்தின மாதிரி இருந்தது. ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு அதே பிரஷ்ஷால் வாரியபோது முடி மட்டும்தான் வந்தது. முள்முள்ளாக இருந்த முதுகு முடியும் உதிர்ந்து புதிதாக வரும்போது மென்மையாகிவிடுகிறது, கிட்டத்தட்ட பெண் எலியின் முடி போல.

வாடை குறையும். ஆண் எலியின் அந்தக் காட்டமான வாடைக்குக் காரணம் சிறுநீரில் கலந்து வரும் புரதங்களும் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் வாசனைச் சுரப்பிகளும், இரண்டுமே டெஸ்டோஸ்டிரோன் இருந்தால்தான் முழு வீச்சில் வேலை செய்யும். ஹார்மோன் போனதும் சுரப்பி சுருங்கும், சிறுநீர் வாடை மட்டுப்படும். கூண்டு நாறாது என்று அர்த்தமில்லை, கழுவாவிட்டால் எந்த எலிக் கூண்டும் நாறத்தான் செய்யும்.

பை காலியாகிச் சுருங்கும், சுருங்கிய தோல் மடிப்பாகக் கடைசிவரை கொஞ்சம் இருக்கும், முடி வளர்ந்து மூடிவிடும். தாடைப் பக்கமும் தோளும் கொஞ்சம் மெலியும், சின்ன வயதில் செய்தவன் உருவத்தில் பெரிய பெண் எலி மாதிரி நீளவாக்கில் நிற்பான். ஆனால் இடுப்பும் வயிறும் கவனிக்க வேண்டியவை. சண்டையும் துரத்தலும் நின்ற பிறகு அதே அளவு சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தால் சதை போடுகிற எலிகள் உண்டு. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். ஆண் எலி பொதுவாக 450-லிருந்து 650 கிராம் வரை இருப்பான், அதனால் எண்ணைவிட அது போகிற திசைதான் முக்கியம், ஏறிக்கொண்டே போனால் சூரியகாந்தி விதையும், சாப்பிட்டு முடித்த தட்டில் இருந்து எடுத்துக் கொடுக்கிற பாப் என்ற மக்காச்சோளக் களியும், புரட்டாசி வடையும்தான் முதலில் நிறுத்த வேண்டியவை. இறங்கிக்கொண்டே போனால் டாக்டர்.

உடல்நலத்தில் ஒரு நல்லது, விதையில் கட்டி என்ற பேச்சுக்கே இனி இடமில்லை, புராஸ்டேட் தொல்லையும் குறையும். மூச்சுக்குழாய் நோய்க்கு இதனால் ஒரு மாற்றமும் வராது, கிட்டத்தட்ட எல்லா வளர்ப்பு எலியிடமும் இருக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமிக்கு எலி ஆணா, நியூட்டர் செய்தவனா என்றெல்லாம் தெரியாது.

குணத்தில் என்ன மாறும்

முதலில் குறைவது புஸ் புஸ்ஸும் சிலிர்ப்பும். அடுத்து பக்கவாட்டு நெட்டல். சாதாரணமாக இந்த வரிசையில்தான் நான் பார்த்திருக்கிறேன், கடைசியாகத்தான் கடி நிற்கும், ஏனென்றால் கடித்தால் கை விலகிப்போகும் என்று அவன் கற்று வைத்திருக்கிறான். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் ஒருநாள் நன்றாக இருப்பான், மறுநாள் பழையபடி எகிறுவான், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

அந்த வாரங்களில் வெறும் கையால் தூக்காதீர்கள். டப்பாவோ குழாயோ வைத்து அதற்குள் அவனாக வர விட்டுத் தூக்குங்கள், துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். வேறு எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் உள்ளே விடாதீர்கள், அந்த வாசனையே பாதிச் சண்டைக்குக் காரணம்.

சிறுநீர்ச் சொட்டு விட்டுக்கொண்டே நடப்பது குறையும், அடியோடு நிற்காது. பெண் எலியும்தான் சொட்டு விடுகிறது, அது எலிக்கு எழுத்து மாதிரி. மற்ற எலியின் மேல் புணர்வது போல ஏறுவது குறையும், சில எலிகளிடம் பழக்கமாகக் கொஞ்சம் மிஞ்சும், குறிப்பாக ஏற்கெனவே பெண்ணோடு சேர்ந்தவனிடம். மல்லுக்கட்டி உருண்டு விளையாடுவது போகாது, போகவும் கூடாது. ஒருவன் மல்லாந்து படுத்து மற்றவன் மேலே நின்று கழுத்தை வாருவதைப் பார்த்துச் சண்டை என்று பிரித்துவிடுகிறார்கள், ரத்தம் வரவில்லை, முடி சிலிர்க்கவில்லை, விட்டதும் இருவரும் சும்மா போய்விடுகிறார்கள் என்றால் அது வெறும் விளையாட்டு. உண்மையில் கோபக்கார எலிகள் பல, பதற்றம் அடங்கிய பிறகு குட்டிக் காலத்து விளையாட்டுக்குத் திரும்புவதைப் பார்க்கலாம், தூங்குவதும் அதிகமாகும், மடியில் வந்து படுக்கும் நேரமும் கூடும்.

தலைவனாக இருந்தவன் தலைவனாகவே இருக்கலாம். ஹார்மோன் போனால் பதவியும் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, அடிக்காமல் தலைவனாக இருப்பான். ஆனால் வீட்டில் இன்னும் இரண்டு முழு ஆண்கள் இருந்தால், இவன் வாசனை மாறியதும் கூட்டத்தில் வரிசை மறுபடி கலைந்து அடங்கக் கொஞ்ச நாள் ஆகும், அந்தச் சமயத்தில் ஒளிந்துகொள்ள இரண்டு வாசல் உள்ள பெட்டிகள், தண்ணீர்ப் பாட்டில் இரண்டு, சாப்பாடு இரண்டு மூன்று இடத்தில் என்று வைத்தால் பாதித் தகராறு வராது.

பெண் எலிகளோடு சேர்க்கும்போது

விதை எடுத்தாலும் விந்துக்குழாயில் மிச்சம் இருக்கும். நாலு வாரம் கழிந்த பிறகே பெண்ணோடு விடுங்கள், அதற்குக் குறைத்து நான் சொல்ல மாட்டேன். பெண் எலி நாலைந்து நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், கர்ப்பம் 21-லிருந்து 23 நாள், ஒரு ஈற்றில் எட்டு பத்து குட்டிகள் சர்வ சாதாரணம், குட்டி போட்ட அன்றே மறுபடி கருத்தரிக்கவும் முடியும். ஒருநாள் அவசரப்பட்டு விட்டால் அதன் பிறகு அந்தக் குட்டிகளுக்கெல்லாம் வீடு தேடுவது யார்? கம்பி வழியாகக்கூட சேர்க்கை நடந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள், நடுவே ஒரு கை இடைவெளி விடுங்கள்.

காத்திருந்து சேர்த்தால் அது அருமையான கூட்டணி. நியூட்டர் செய்த ஒரு ஆணும் இரண்டு மூன்று பெண்களும் உள்ள கூண்டு போல அமைதியான கூண்டை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் சந்திப்பு இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடத்தில், குளியல் தொட்டியிலோ கட்டில் மேலோ நடக்கட்டும், பதினைந்து இருபது நிமிஷம் போதும், அடுத்தடுத்த நாள் நீட்டிக்கொண்டே போய், பக்கத்தில் படுத்துத் தூங்கும் அளவுக்கு வந்த பிறகு, முழுக்கக் கழுவி பழைய வாசனை போன கூண்டில் சேர்த்து விடுங்கள். சும்மா இருக்கும் பெண்கள் அவனை முதல் வாரம் விரட்டி அடிப்பதும் உண்டு, பாவம் அவன் மூலையில் போய் உட்காருவான், ரத்தக் காயம் இல்லாதவரை விட்டுவிடுங்கள்.

எட்டு வாரம் கழிந்தும் மாறவில்லை என்றால்

மறுபடி டாக்டரிடம் போங்கள், இந்த முறை வலியைத் தேடி. பல் வளைந்து வளர்ந்திருக்கலாம், காதுக்குள் புண், காலடியில் வெடிப்பு, வயதானவன் என்றால் முதுகெலும்பு. எலிக்குத் தலைக்குள் பிட்யூட்டரி கட்டி வருவதும் உண்டு, தலை ஒரு பக்கம் சாய்வது, முன்னங்காலால் சாப்பாட்டைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவது, இவை கோபத்தோடு சேர்ந்து தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் மிச்சம் பயம். கையை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டு நீளமான ஸ்பூனில் தயிரோ பியூரிட்டியோ தடவிக் கூண்டு வாசலில் நீட்டுங்கள், தினமும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் பேசிக்கொண்டு. ஸ்பூனை நக்கிவிட்டு ஓடாமல் நிற்க ஆரம்பித்ததும் ஸ்பூனைக் கொஞ்சம் குட்டையாகப் பிடியுங்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம் குட்டையாக. பல்லைக் காட்டினால் சத்தம் போடாமல், பின்வாங்காமல், ஸ்பூனை மட்டும் அசையாமல் வைத்திருங்கள், மறுநாள் பழைய தூரத்திலிருந்தே தொடங்குங்கள். சில எலிகளுக்கு இது ஒரு மாதத்துக்கு மேலும் பிடிக்கும். வேறு எலிகளோடு எந்த வழியிலும் சேராத ஒருவன் அபூர்வமாக இருப்பான், அவனுக்குத் தனிக்கூண்டுதான், ஆனால் அவன் கூண்டை வீட்டு ஆட்கள் புழங்கும் கூடத்தில் வையுங்கள், தினமும் மணிக்கணக்கில் வெளியே விட்டு உங்கள் தோளிலும் மடியிலும் இருக்கவிடுங்கள், அவனுக்கு இருக்கும் கூட்டம் அதன் பிறகு நீங்கள்தான்.